அக்காவின் பேனாவும் நான் ஒளித்து வைத்த பக்கமும்

என் வாயாடி வனஜா அக்காவுக்கு,

இதை உன் பேனாவில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ போய் எட்டு மாசமாக அதைத் தொடவே இல்லை. போன வாரம் திறந்தால் உள்ளே மை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, நீலம் போகிற வரைக்கும் கழுவி, புது மை விட்டேன்.

முதலில் எனக்கு அது எழுதவே இல்லை. காகிதத்தைக் கீறியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்த நிப்பை உன் கைக்காகத் தேய்த்துக் கொடுத்தார்களே என்று. நீ பிடிக்கிற மாதிரி இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. உன் கை மாதிரி பிடித்தால்தான் எழுதுவேன் என்கிறது, அக்கா. நான் என்ன பண்ண?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு உன் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டுக்கடையில் இருபது வருஷம் புடவை விரித்துக் காட்டியவள் நீ. "கட்டிப் பார்க்க வேணாம்மா, தோள் மேல போட்டுகினு கண்ணாடிய மட்டும் பாருங்க" என்பாய். மூன்றாம் மாடியில் நிற்கிறவர்களுக்கும் அது கேட்கும். மாமா போன பிறகு உன் பொண்ணு கவிதாவை வளர்த்து, படிக்க வைத்து, சென்னையில் வேலைக்கு அனுப்பியது அந்தக் குரல்தான்.

அது கம்மியபோது சளி என்றோம். நீயும் மிளகுப் பாலைக் குடித்துக்கொண்டு கடைக்குப் போனாய். தொண்டையில் புற்று என்று வேலூரில் சொன்னபோது நாள் கடந்துவிட்டது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. வாயை அசைத்தால் உதடு மட்டும் அசையும்.

போனில் தட்டச் சொன்னோம். நீ தண்ணி என்று தட்டினால் அது தந்தி என்று காட்டும். தூக்கி மெத்தை மேல் போட்டாய். சாதாரண பேனாவை அழுத்தி எழுத, கழுத்தில் கத்தி வைத்த பக்கத்துத் தோள் ஒத்துழைக்கவில்லை. நாலு வார்த்தைக்குள் கை வலித்துவிடும். நாலு வார்த்தையில் பேசி முடிக்கிறவளா நீ?

செக்கப்புக்குப் போய்த் திரும்பிய ஒரு மதியம் பேனாக் கடை ஒன்றைப் பார்த்து உள்ளே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் உன் கழுத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார். பளபளக்கிற உலோகப் பேனாவைக் கொடுத்தார். உன் மணிக்கட்டு தொங்கியது. ஒல்லியான ஒன்றைக் கொடுத்தார். விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. "இது வேணாம்மா, இது உங்கள இறுக்கிப் புடிக்க வைக்குது" என்று வாங்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்து இதைக் கொண்டு வந்தார்.

கட்டை விரல் தடிமன். ரப்பரைக் கெட்டியாக்கிக் கடைந்தது. கறுப்பும் பச்சையும் கலந்து தண்ணீர் அலை மாதிரி ஒரு ரேகை. கிளிப் கிடையாது, தங்க வளையம் கிடையாது. விரல் பிடிக்கிற இடத்தில் மட்டும் லேசாக இடுப்பு ஒடுங்கியிருந்தது. இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் கைச்சூடு ஏறி, உடம்போடு ஒட்டின மாதிரி ஆகிவிடும்.

"அழுத்தாதீங்கம்மா. அதும் வெயிட்டுலயே அது எழுதும். நீங்க கூட்டிகினு போனா போதும்" என்றார். நீ எழுதினாய். அவர் வாங்கி, மெல்லிய உப்புத்தாளில் நிப்பை இரண்டு சுற்று தேய்த்து, மறுபடி கொடுத்தார். மறுபடி எழுதச் சொன்னார். நாலைந்து முறை இப்படியே. பொறுமையாகப் பேசிக்கொண்டே செய்தார். நீ எழுதிய முதல் முழு வரியை எனக்குத் திருப்பிக் காட்டினாய்: "இந்த ஆளு என்னை விட அதிகமா பேசறாரு." கூடவே இன்னொரு வரி: "பார்டர் இல்லாத புடவை. ஆனா நெசவு நல்லா இருக்கு."

அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு நீ சிரித்துப் பார்த்தேன். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதினாய். மை ஈரமாக இருந்தது. பழக்கத்தில் நோட்டை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய் ஊதினாய். காற்று வரவில்லை. உனக்கு இனி வாயில் காற்று வராது என்று அந்த நிமிஷம்தான் நம் இரண்டு பேருக்கும் உறைத்தது. நீ நோட்டை என் பக்கம் நீட்டினாய். நான் ஊதினேன். அதற்கப்புறம் அது என் வேலையாகிவிட்டது. காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சொட்டுக்குழாயால் மை நிரப்புவாய். நாளெல்லாம் நீ எழுத, நான் ஊதுவேன்.

பதினோரு நோட்டு, அக்கா. எல்லாம் என் பீரோவில் இருக்கின்றன. நீ யோசித்த இடங்களில் நிப்பை எடுக்காமல் அப்படியே வைத்திருப்பாய். அங்கே மை பரவி ஒரு பொட்டு விழுந்திருக்கும். இப்போது படிக்கும்போது வார்த்தைகளை விட அந்தப் பொட்டுகள்தான் என்னை அழ வைக்கின்றன. அங்கெல்லாம் நீ என்ன நினைத்தாய்?

சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன்.

நாளாக நாளாக எனக்குப் பொறுமை போனது. நீ பாதி எழுதும்போதே மீதியை நான் சொல்லிவிடுவேன். பல சமயம் சரியாக இருக்கும். சரியாக இல்லாதபோது நீ பேனாவின் பின்பக்கத்தால் மேஜையில் தட்டுவாய். நான் சிரித்து மழுப்புவேன்.

தேசூரில் இருந்து கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் உள் அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழுத்தில் துளையோடு நீ வந்து உட்கார்ந்தால் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயம். கேட்டேன், "அக்கா, நீ உள்ளயே இருந்துடறியா?"

நீ நோட்டை எடுத்தாய். "நான் உள்ளே இருந்துட்டா" என்று எழுதினாய்.

"நல்லதுதான், எனக்குத் தெரியும்க்கா. நீ படுத்துக்கோ, நான் பார்த்துக்கறேன், ஜல்தியா அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். வந்தவர்களிடம் உனக்கு உடம்பு முடியவில்லை என்றேன். பஜ்ஜி கொடுத்தேன். அவர்களுக்குக் கவிதாவைப் பிடித்துவிட்டது. அம்மா தூங்குகிறாள், எழுப்பாதே என்று நான் சொன்னதை நம்பி, அவள் அன்றைக்கு மாலையே சென்னைக்கு பஸ் ஏறிவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு உன் அறைக்கு வந்தேன். நோட்டு திறந்திருந்தது. மை தானாகவே காய்ந்திருந்தது.

"நான் உள்ளே இருந்துட்டா, தன்னைப் பெத்தவளைப் பார்த்து ஊர் அருவருப்பா நினைக்கும்னு என் பொண்ணு மனசுல பதிஞ்சிடும். அவ அப்படி நினைக்கக் கூடாது. நான் வர்றேன். எனக்கு அந்தப் பச்சைப் புடவைய எடுத்துக் கொடு."

பச்சைப் புடவையை நீயே எடுத்துக் கட்டிக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாய். அந்தத் தோளோடு எப்படிக் கட்டினாயோ. வெளியே ஏன் வரவில்லை? நான் சாத்திய கதவுதானே, தள்ளினால் திறந்திருக்குமே? என்னை நாலு பேர் எதிரில் பொய்க்காரி ஆக்க வேண்டாம் என்று நினைத்தாயா?

உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ எழுதினாய்: "விடு. கவிதாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மூன்றே வாரம். கவிதா அடுத்த முறை வருவதற்குள் மூச்சுத் திணறி மறுபடி வேலூர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கடைசியாக எழுதியது "கவிதாகிட்ட" என்ற ஒரே வார்த்தை. அதற்குப் பக்கத்தில் பெரிய பொட்டு ஒன்று. என்ன எழுத வந்தாய் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். அன்றைக்கு மட்டும் நான் எதையும் இட்டு நிரப்பவில்லை.

கவிதா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை சாது. அவள் இப்போது மூன்று மாசம் முழுகாமல் இருக்கிறாள், அக்கா. போன மாசம் வந்திருந்தபோது கேட்டாள். "சித்தி, அன்னிக்கு அம்மா ஏன் வெளிய வரல? நான் கூச்சப்படுவேன்னு நினைச்சிட்டாங்களா? நான் எப்ப அப்படி நடந்துகினேன்?" எத்தனை நாளாக மனசில் வைத்துக்கொண்டிருந்தாளோ, கேட்டுவிட்டுத் தேம்பினாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்றால், அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்தது நான்தான். நீ போன மறுநாளே கிழித்தேன். மடித்துப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எரிக்கக் கை வரவில்லை. காட்டவும் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். நோட்டுகளோடு சேர்த்து அந்தப் பக்கத்தையும் அவள் கையில் கொடுக்கிறேன். "உங்க அம்மா வர்றேன்னுதான் எழுதினாங்க. கதவைச் சாத்தினது நான்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அவள் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் போனால், திரும்பி வருகிற வரைக்கும் போய்ப் போய்ப் பார்க்கிறேன். இது சத்தியம், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
சாந்தி