சனிக்கிழமைப் பேர்

மேல் டிவிசன்,
ஸ்பிரிங்வெளி,
பதுளை.
புதன்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அந்த ஜோர்தான் தையல் பெக்டரியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தடிமன் அண்டாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் நான் அழ, நீ அழ, சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடுகிறது. அதனால் உன் தம்பி தினேசுடைய கொப்பியில் மிச்சம் கிடந்த தாள்களில் எழுதி, டவுனில் ஷிபான் தம்பி கடையில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுடைய எழுத்து, பிழையைப் பொறுத்துக்கொண்டு வாசி.

மழை நேற்றுத்தான் விட்டது, கொழுந்து நன்றாக வந்திருக்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, நீ சொன்ன தைலம்தான் பூசுகிறார். இனி நம் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிற கருப்பம்மா வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். நீ கோபப்படுவாய், ஆனாலும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவளும் நானும் இருபது வருசம் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள், இப்போது நான் கங்காணியிடம் சொல்லி வேறு நிரைக்கு மாறிக்கொண்டேன். வாயைத் திறந்தால் மகள் தயானி பேச்சுத்தான் அவளுக்கு. எங்க பாப்பா எந்நேரமும் கம்பியூட்டரோடதான் கெடக்குது, சோத்துத் தட்டு ஆறிப்போய்க் கெடக்கு, என்னத்தச் சொல்ல என்று குறைப்படுகிற மாதிரிப் பெருமை பேசுகிறாள். குறை சொல்ல அவளுக்குப் பிள்ளை இருக்கிறது, சொல்கிறாள். அந்த ஒன்லைன் யுனிவசிட்டியில் தினேசும் தயானியும் ஒரே நாளில், ஷிபான் தம்பியின் ஒரே மெசினில் இருந்து சேர்ந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். தினேசுடைய பத்திரமெல்லாம் முதல் தடவையே சரியாகப் போய்விட்டது, அவளுடைய போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காதில்லாத புள்ளைங்கள எடுக்க மாட்டாங்களாம் என்று ஒரு மாசம் அவளைக் கேலி பண்ணிக்கொண்டு திரிந்தான். அப்படியானால் முதலில் சேர்ந்தவன் என் பிள்ளைதானே. நீ அனுப்பிய கம்பியூட்டரில்தானே அவளும் எட்டிப் பார்த்துப் பார்த்துப் படித்தாள், லயத்தில் சிக்னல் இல்லை என்று கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் இரண்டு பேரும் குந்திக்கொண்டு. இப்போது டெங்குக் காய்ச்சல் இவனை மட்டும் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவள் மாமன் வாங்கிக் கொடுத்த புதுக் கம்பியூட்டரோடு அதே படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரைச்சலாக மழை பெய்தால் சிக்னல் போய்விடும், போகட்டும் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன் மகள், சாமி விளக்கு ஏற்றின கையோடு.

இன்னொன்றும் இருக்கிறது, அதை அப்பாவிடம்கூட போன ஞாயிறுதான் சொன்னேன். தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனுடைய போன் மணி அடித்தது. கிளாசுக்கு அடிக்கிற மணி. அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிறபோது எந்த இடத்தை அமத்துகிறான் என்று பார்த்திருக்கிறேன், போனை எடுத்துக்கொண்டு மடுவத்துப் பின்பக்கமாகப் போய் நானும் அமத்தினேன். கொழும்பில் இருந்து பேசுகிற சார் ஒவ்வொரு பேராக வாசித்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பது போலவே இருந்தது. தினேஸ் என்று கூப்பிட்டார். பதில் இல்லை என்று இரண்டாம் தரம் கூப்பிட்டார். பெரட்டில் இரண்டு தரம் கூப்பிட்டு ஆள் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா, அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை, அப்படியே நாலைந்து நாள் போனால் செக்ரோல் புத்தகத்தில் இருந்தே பேரை வெட்டிவிடுவார்கள், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். கை மாதிரி ஒரு படம் இருந்தது, அதை அமத்தினேன். ஓகே தினேஸ் என்றார் சார். அந்தக் குரலில் என் பிள்ளை உயிரோடு இருந்தான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. பன்னிரண்டு சனிக்கிழமை தினேசுக்குப் பேர் விழுந்திருக்கிறது. பேசுகிறது ஒன்றும் விளங்காது, ஆனாலும் கடைசிவரை இருப்பேன். தயானியை மட்டும் சார் வெரி குட் என்பார், அது எனக்கு விளங்கும். தினேசை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த தடவை தயானி என்று கூப்பிடும்போது என் காதைப் பொத்திக்கொள்வேன்.

போன ஞாயிறு அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அத்தை, நீங்கதான சனிக்கிழமை கிளாசுக்கு வாறீங்க என்று கேட்டது. முதல் நாள் கிளாசில் தினேஸ் பேர் வந்ததும் பயந்துபோச்சாம், பிறகு மடுவத்துப் பின்னால் என் செருப்பைப் பார்த்து விளங்கிக்கொண்டதாம். யாரிடமும் சொல்லவில்லையாம். இந்தக் கிளாசில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டுமாம், தினேசும் அவளும் ஒரு சோடி. கொழுந்து நிறுக்கிறபோதே ஒவ்வொருத்தி கிலோவும் அவளவளுடைய போனில் விழுகிற மாதிரி ஒரு கம்பியூட்டர் வேலை. அது தினேஸ் நினைத்தது, இனிமே ஒன் கிலோவ எவனும் களவெடுக்க ஏலாதும்மா என்று என்னிடமே சொல்லியிருக்கிறான். சார் கேட்கிற நேரமெல்லாம் தினேசும் செய்கிறான் சார் என்று சொல்லி அவன் பாதியையும் இவளே செய்திருக்கிறாள். ஆனால் வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் முகம் காட்டிப் பேச வேண்டுமாம். சோடியில் ஒருத்தர் வராவிட்டால் இரண்டு பேருக்கும் பெயில். ஆள் இல்லை என்று வீட்டில் இருந்து எழுதி, மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் அனுப்பினால்தான் அவளைத் தனியாகப் பேச விடுவார்களாம். எழுதினால் தினேஸ் பேரை எடுத்துவிடுவாங்களா என்று கேட்டேன். ஆமாங்க அத்தை என்றது, எழுதிக் கொடுக்கிற தாள்க்கட்டின் முன்பக்கத்தில் அவள் பேர் மட்டும்தான் நிற்குமாம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. ஒம் பேரு நிக்கிறதுக்கு எம்புள்ள பேர நான் வெட்டணுமா, அவன் நெனச்சத நீ தூக்கிட்டுப் போகப் பாக்குறியா என்று லயமே கேட்கக் கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை கையில் கொண்டுவந்த தாள்க்கட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டது.

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, ஆனால் தினேஸ் பேருடைய எழுத்து தெரியும், நீ அனுப்பின கம்பியூட்டர்ப் பெட்டியின் மேல் எழுதியிருந்ததே, அதே எழுத்து. அவன் பேர் மேலே இருந்தது, அவள் பேர் கீழே. அப்பாவிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, அந்தப் புள்ள ரெண்டு பேர் வேலைய ஒத்தையாச் செஞ்சிருக்கு, நீ அதுக்கு அரைப்பேர்கூடப் போட மாட்டேங்கிறியே என்றார். கொழுந்து இரண்டு கிலோ குறைந்ததற்கு முழு நாளும் மலையில் நின்ற எனக்கு அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம் தந்த நாட்களில் நான் எப்படிக் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன் என்று நீயும் பார்த்து வளர்ந்தவள்.

அதனால் நீதான் யுனிவசிட்டிக்கு இங்கிலீசில் எழுத வேண்டும். மரணப் பத்திரத்தின் படமும் எங்கே அனுப்புவது என்கிற விலாசமும் இதோடு வரும், விலாசத்தைத் தயானியிடம் போய் நானே வாங்கிவந்தேன், திங்கட்கிழமை காலைக்குள் கிடைத்தால் போதும் என்றாள். தினேஸ் படிக்கப் பிடிக்காமல் நின்றுவிட்டான் என்று மட்டும் அவர்கள் எண்ணிவிடாதபடி எழுது. யோசனை அவனுடையது என்றும் எழுது. தயானியும் திங்கட்கிழமை அதைத்தான் முதலில் சொல்வேன் என்கிறாள். நான் மனம் நிறைந்து இதைச் செய்யவில்லை மகள், அவள் பாஸ் பண்ணி கருப்பம்மா லயம் முழுக்கப் பால்சோறு கொடுக்கிற நாளில் நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பேன். அந்த அளவுக்குத்தான் என் மனசு இப்போது இருக்கிறது, அம்மனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நீ நீண்ட ஆயுளோடு நல்லா இருக்க வேண்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே, உடம்பு சுட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே. கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அனுப்பு, அதற்கு முன்னால் அனுப்பிவிடாதே. சனிக்கிழமை எட்டு மணிக்குச் சார் பேர் வாசிப்பார்.

இப்படிக்கு,
உன்னையும் தினேசையும் பெற்ற
அம்மா