கெண்டையின் பித்தப்பை

சேலையூர்
12.8.88

அன்புத் தம்பி குப்புராஜுக்கு அக்கா கனகவல்லி பதறியபடி எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போன வாரம் நைனா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் உனக்கு வந்திருந்தால் கிழித்துப் போடு. அதில் சொல்லியிருக்கிறதே என்று மீனின் பித்தப்பையை விழுங்கிவிடாதே.

இங்கே ஏரியில் புல்லுக்கெண்டை பிடித்தார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். கடல் மீனைத் தவிர வேறெதுவும் நம் வீட்டில் ஏறாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நைனா ஆசைப்பட்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டார். சேற்று வாடை போக உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, புளியைத் தூக்கலாகக் கரைத்துக் குழம்பு வைத்தேன். பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

வினை வேறு இடத்தில். உடைந்தால் குழம்பே கசந்துவிடும் என்று பித்தப்பையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள், "அத்த ஏண்டி தூக்கிப் போடற? சக்கரைக்கு அதான் மருந்து. பச்சையா முழுங்கினா போதும்" என்றாள். நைனா அதை வாழைப்பழத்தில் வைத்து விழுங்கிவிட்டார். சர்க்கரைக்கு மருந்தாம், அதுவும் வாழைப்பழத்தில்! நான் சிரித்தேன். உடனே அவருக்கு உன் நினைப்பு. இவ்வளவு சின்ன வயதில் உனக்கும் சர்க்கரை வந்துவிட்டதே, நீ பாலம் கட்டும் அஸ்ஸாமில் ஆற்று மீனுக்கா பஞ்சம் என்று கடிதம் எழுதச் சொன்னார். அன்றே தபாலில் சேர்த்தேன்.

சாயங்காலமே வாந்தி, பேதி. மருந்து வேலை செய்கிறது என்றார். அப்புறம் சிறுநீர் நின்று முகம் வீங்கிவிட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சதை ஒன்றும் செய்யாது, பித்தப்பைதான் விஷம், வேக வைத்தாலும் விஷம், அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார் டாக்டர். மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பிழைப்பாரா என்று கேட்டால், பார்ப்போம் என்கிறார். அஞ்சம்மாள் வார்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

நைனா தன்னைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. கண் விழித்தால், "எம்புள்ள அத்த துன்னுட்டானா? நானே எழுதிட்டனே" என்பதுதான் பேச்சு.

தந்தியும் கொடுத்திருக்கிறேன். மழையில் உங்கள் பக்கம் எப்போது போய்ச் சேருமோ என்று தபாலாபீசில் கையை விரித்துவிட்டார்கள். எது முந்தினாலும் சரி என்றுதான் இதையும் எழுதுகிறேன். ஒருவேளை விழுங்கியிருந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

நைனா சொல்லை நீ ஒரு நாளும் தட்டியதில்லை. இந்த ஒன்றைத் தட்டு, என் சாமி.

திருநீர்மலைப் பெருமாள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். தின்னவில்லை என்று மட்டும் ஒரு தந்தி அடி. நைனாவுக்குக் காது கேட்கும்போதே அது வந்து சேர வேண்டும்.

உன் அக்கா
கனகவல்லி