முதலில் நீ வாசி

4 ஆகஸ்ட், திங்கள்

இசைப் பள்ளியில் ஆசிரியர்கள் ஆறு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்கே இசை படித்தீர்கள், யாரிடம், எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். புகைப்படத்தோடு முன்கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். புதிய தலைமையாசிரியை இபு ஹெர்லினாவின் ஏற்பாடு. (இங்கே ஆசிரியைகள் எல்லோருமே 'இபு'தான், அம்மா என்பது போல.)

வீட்டில் என் கணவர் கியார்தோ அதை எடுத்துப் பார்த்தார். "பன்னண்டு வருசமா ஊரையே சமாளிச்சவ, ஒரு தாளுக்கா பயப்படுற?" என்று சிரித்தார். விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

6 ஆகஸ்ட், புதன்

எழுத உட்கார்ந்தேன். "பயிற்சி: அப்பாவின் குரொன்சொங் இசைக்குழு. பதினாறு வயது முதல் சோலோ நகரிலும் சுற்று ஊர்களிலும் கல்யாண மேடைகள்." உண்மை. பாடகி எந்தச் சுருதியில் தொடங்கினாலும் வயலினோடு பின்னாலேயே போவேன். அப்படி ஒரு கல்யாணத்தில் கேட்டுத்தான் பழைய தலைமையாசிரியர் வேலைக்குக் கூப்பிட்டார். நோட்ஸ், அதாவது தாளில் எழுதிய இசைக்குறிப்பு, படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தெரியாது. இன்றுவரை தெரியாது.

நோட்ஸ் படிக்கப் பிள்ளைகளுக்குச் செவ்வாய்க்கிழமை தனி வகுப்பு உண்டு. அது என் பொறுப்பில்லை. என்னிடம் புதுப் பாடம் கொண்டுவந்தால் "முதலில் நீ வாசி" என்பேன். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். பிறகு வில், விரல், ஒலி எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். அதில் குறை வைத்ததில்லை — வைத்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன்.

9 ஆகஸ்ட், சனி

17ஆம் தேதி சுதந்திர தின விழாவுக்கு ஒத்திகை. என் மாணவிகள் ஏழு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வால்ட்ஸ் வாசித்தார்கள். தாளை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த இபு ஹெர்லினா நிறுத்தச் சொன்னார். பிறகு ஒவ்வொருத்தியாக வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியின் முடிவில் தாளில் சுரம் மேலே ஏறுகிறதாம். ஏழு பேரும் கீழே இறங்குகிறார்கள்.

"ஒருத்தி தப்பு பண்ணலாம். ஏழு பேரும் ஒரே எடத்துல எப்படி, இபு?"

கோபமில்லை. புரியாமல்தான் கேட்டார். பார்க்கிறேன் என்றேன். அந்தத் தாளை எத்தனை தடவை பார்த்திருக்கேன், பார்த்து என்ன? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

அந்த வால்ட்ஸை எனக்கு முதலில் வாசித்துக் காட்டியவள் என் பழைய மாணவி ராத்ரி. ஒன்பது வருடம் முன்பு. இப்போது செமராங் நகரில் மருந்தியல் படிக்கிறாள். போன் செய்து கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"அப்போ எனக்குச் சுண்டு விரல் எட்டல, இபு. அதான் கீழ இறங்கிட்டேன். திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க."

அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் சரியாக ஏறினார்கள். "அங்கே இறங்கு" என்று நானே திருத்தியிருக்கிறேன். ஒவ்வொருத்தியையும்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

போகும்போதே என் அலமாரியைக் காலி செய்து, பழைய தந்திகளையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் படிவத்தை மேசையில் வைத்து, எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது என்றேன். ராத்ரியின் விரலைப் பற்றியும் சொன்னேன்.

இபு ஹெர்லினா வெறும் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "சரியா வாசிச்ச புள்ளைங்களையும் நீங்க தப்பா மாத்தினீங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஒருத்திகூடவா எதிர்த்துக் கேக்கல?"

இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும்தான்.

பிறகு சிரிக்காமல் பேசினார். பெற்றோரிடம் மறைக்க மாட்டார், அவரே சொல்வார். ஏழு பேரையும் நான்தான் திருத்த வேண்டும். "அடுத்த மாசத்துலேருந்து செவ்வாய்க்கிழமை வகுப்புல நீங்களும் உக்காருங்க. நாற்காலிதான் சின்னது."

அப்படியானால் என் வேலை என்று இழுத்தேன்.

"நாலு மணிக்கு வகுப்புன்னு சொல்றேன். வேலைய விட்டு அனுப்புறவங்களுக்கு யாராவது நேரம் சொல்வாங்களா?"

பையில் இருந்ததை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். வழியில் தேங்காய்ப்பால் சோறு. இரண்டு தட்டு.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது வரியின் முடிவில் ஆறு பேர் மேலே ஏறினார்கள். கினாசி மட்டும் பழக்கத்தில் இறங்கினாள்.

2 செப்டம்பர், செவ்வாய்

முழங்கால் மேசைக்கு அடியில் போகவில்லை. பக்கத்தில் இருந்த ஏழு வயதுக்காரி, "நீங்க ஃபெயிலா, இபு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாவம் பார்த்து அவளுடைய ரப்பரைக் கொடுத்தாள்.

21 அக்டோபர், செவ்வாய்

என் தாளும் முன்கூடத்தில் ஏறிவிட்டது. அப்பாவின் குழு, கல்யாண மேடைகள், பன்னிரண்டு வருடக் கற்பித்தல். கடைசி வரி: "இசைக்குறிப்பு படிப்பு: இந்தப் பள்ளி, செவ்வாய் வகுப்பு, நாற்பத்தேழாம் வயதிலிருந்து." புகைப்படத்தில் எனக்குக் கொஞ்சம் பெரிய மூக்கு என்கிறார் கியார்தோ.

சாயங்காலம் கினாசி புதுப் பாடம் கொண்டுவந்தாள். பழக்கப்படி வயலினைத் தோளில் வைத்தாள். "இரு, முதல்ல நான்" என்றேன். தாளைப் பார்த்து, விட்டு விட்டு, ஒவ்வொரு சுரமாக வாசித்தேன்.

"மூணாவது வரியில தப்பு, இபு."

குனிந்து பார்த்தேன். தப்புதான். எனக்கே தெரிந்தது.