பொன்மீன் துள்ளும் பதினைந்து வினாடி

உதியன்குளங்கரை
14.6.1992

அன்புள்ள பிஜியின் அப்பாவுக்கு,

லீவில் வந்த தங்கையன் அண்ணன் உங்கள் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து தந்தார். லீலாபாய் அக்கா வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்தோம். மெலிந்திருக்கிறீர்கள். இல்லை என்று எழுதவேண்டாம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டப்போவதாகச் சொன்னதையும் கேட்டேன்.

ஒரு விஷயம். பழைய படக் கேசட்டின் மேல்தான் நீங்கள் பேசிப் பதிகிறீர்கள். விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் போட்டுப் பார்த்தாலும் படம் என்று நினைக்கட்டும் என, தொடக்கத்தில் பதினைந்து வினாடி வரும் கேசட் கம்பெனி முத்திரையை மட்டும் அழிப்பதில்லை. இருட்டு. மூன்று வளையங்கள் சுழலும். பொன்மீன் ஒன்று துள்ளும். பிறகு நீங்கள்.

மீனைக் கண்டதும் பிஜி கைதட்டுகிறாள். "அப்பா வந்தாச்சு!" நீங்கள் பேசத் தொடங்கியதும் எழுந்து லீலாபாய் அக்காவிடம் போகிறாள். "மாமி, இந்த மாமன் போனா அப்பா திரும்ப வருமா?"

லீலாபாய் அக்கா டிவியைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டியா சத்தியராஜே, உனக்க மவளுக்கு அப்பன் மீனாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் போகும்போது அவளுக்கு ஆறு மாதம். இப்போது நாலு வயது.

சுகுமாரி


ஷார்ஜா
9.7.1992

அன்புள்ள சுகுமாரி,

மூன்று முறை வாசித்தேன்.

விமான நிலையம் ஒரு சாக்கு. அந்த மீனை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாணமான வருஷம் அதியன்னூர் வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்தோமே. என்ன படம் என்று நினைவில்லை. மீனைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டினேன். "படத்தப் போடும் மனுசா" என்று தலையணையை எறிந்தாய். வெளியே மழை. அந்தக் கம்பெனி கேசட்டை அதன்பிறகு நெய்யாற்றின்கரையில் எந்தக் கடையிலும் காணவில்லை. இங்கே ஒரு கடையின் மூலையில் பத்து கிடந்தன. பத்தையும் எடுத்துக்கொண்டேன்.

இதோடு வரும் கேசட்டில் முதல் வினாடியிலிருந்தே நான்தான். மீன் இல்லை.

உன்
சத்தியராஜ்


உதியன்குளங்கரை
22.8.1992

அன்புள்ள பிஜியின் அப்பாவுக்கு,

போட்டோம். பிஜி கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வந்தீர்கள். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

"அப்பா இன்னைக்கு வரல்லியா அம்மா?" என்று அழுதாள்.

இனி கேசட் வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா, அதை மட்டும் எழுதுங்கள்.

சுகுமாரி


ஷார்ஜா
13.9.1992

சுகுமாரி,

போடவில்லை.

அக்டோபர் நாலாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். யாரும் வரவேண்டாம். பஸ்ஸில் வந்துவிடுவேன்.

கதவைத் திறந்ததும் பிஜி "யாரு?" என்று கேட்பாள். நீ பதில் சொல்லாதே. நானே சொல்லவேண்டும்.

சத்தியராஜ்