புல் முளைக்காத முற்றம்

லிங்கநகர்,
திருகோணமலை.
6.10.1993

அன்புள்ள ஜெமீலாவுக்கு,

கிண்ணியாவில் பேசப்படுவதை முதலில் திருத்திவிடுகிறேன். உம்முடைய மருமகன் அன்ஸாரின் மிளகாய் நாற்றுமேடைக்கு நான் அனுப்பியது நஞ்சு அல்ல, என் முற்றத்து மணல். என் கணவர் வேலை பார்த்த இல்மனைற் ஆலையில் கடல்மணலிலிருந்து கனிமத்தைப் பிரித்தபின் ஒதுக்கிய மணலை, அவர் லொறியில் கொண்டுவந்து பரப்பியிருந்தார். இத்தனை வருடத்தில் அதில் ஒரு புல்லும் முளைத்ததில்லை. உமக்குக் களை பிடுங்கும் வேலை குறையுமென்றே அனுப்பினேன். நாற்று மஞ்சளாய்ப் பழுத்தது தண்ணீர் ஊற்றத் தெரியாததால் இருக்கும்.

இப்படிக்கு,
பாக்கியரத்தினம் சோமசேகரம்


கிண்ணியா,
12.10.1993

பாக்கியம்,

நஞ்சென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லாததற்காகவே அன்ஸார் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. “மாமிட சிநேகிதி வேணுமெண்டே செய்தவ. இந்தச் சண்டை நேரத்தில தமிழாக்கள்ற மண்ண ஆரும் வாங்குவாங்களா?” என்று பள்ளிவாசலடியில் நாலு பேருக்கு முன்னால் கேட்டாராம்.

தண்ணீர் ஊற்றியது நான். ஊற்றினதும் அப்படியே கீழே இறங்கிவிடும். நாற்று இரண்டு இலையோடு வெளிறி நின்றது. பிடுங்கினால் வேரே இல்லை. பக்கத்தில் எங்கள் மண்ணில் போட்ட பாத்தி பச்சையாக நிற்கிறது. அதே விதை, அதே வாளி.

கோபிக்க வேண்டாம். புல்லே பிடிக்காத மண்ணில் மிளகாய் பிடிக்குமென்று உமக்கு யார் சொன்னது?

ஜெமீலா


லிங்கநகர்,
9.11.1993

அன்புள்ள ஜெமீலா,

யாரும் சொல்லவில்லை. புல் இல்லாத முற்றம் சுத்தமான முற்றம் என்று அயலவருக்குக் காட்டிப் பெருமைப்பட்டது நான்தான்.

உமது கடிதம் வந்த அன்றே முற்றத்திலும் கிணற்றடியிலும் மிளகாய் விதை போட்டேன். நானே தண்ணீர் ஊற்றினேன். கிணற்றடியில் நாற்றுச் செழித்து நிற்கிறது. முற்றத்தில் நீர் எழுதியதுதான் நடந்தது. அந்த மணலில் ஈரமும் நிற்காது, சத்தும் கிடையாது. உமக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாது என்று எழுதியதை நினைக்க உடம்பு கூசுகிறது. மணல் மூட்டையைப் படகில் ஏற்றிவிட வந்த துறையடியில் ஆமிக்காரர் அதைக் குத்திப் பார்த்தபோது, “நல்ல மண், பயப்பட ஒன்றுமில்லை” என்று தலை நிமிர்ந்து சொன்னதும் நான்தான்.

அன்ஸார் கதைத்த அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், பிழை என்னுடையது, மாமியில் குற்றமில்லை என்று நான் சொல்ல வேண்டும். கிணற்றடி நாற்றை மண்ணோடு கிளப்பிக்கொண்டு வருவேன். இந்தமுறை மண்ணை அவரே கையில் எடுத்துப் பார்க்கட்டும். வேண்டாமென்றால் திருப்பிக் கொண்டுபோகிறேன்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும் நேரத்துக்கு நான் வரலாமா, கூடாதா? வாய்ச்சொல்லாக யாரிடமும் சொல்லி அனுப்பாமல், எழுத்தில் பதில் தாரும். கூடாது என்றாலும் எழுதும்.

பாக்கியம்