காற்றுச் சத்தத்தில் சொன்ன ‘சரிப்பா’

ஒரே கூப்பாட்டுல பஸ் ஸ்டாண்டையே திரும்பிப் பார்க்க வச்ச என் அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? செத்துப்போனவரைப் போயி இப்படிக் கேக்குறது கிறுக்குத்தனந்தான். ஆனா கேக்காம எப்படிப்பா கடுதாசி எழுதுறது? தொண்டை வலி இல்லையே? எச்சி முழுங்க முடியுதா?

இங்க ஆனிக் காத்து ஆரம்பிச்சிருச்சு. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாலைக் காத்தாடியெல்லாம் நிக்காம சுத்துது. மாடிக் கொடியில ஒரு துணி தங்க மாட்டேங்குது. நேத்து உங்க பழைய காக்கிச் சட்டை பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில மாட்டிக்கிச்சு. அம்மா இன்னும் அதைத் துவைச்சுக் காயப்போடுது. யாரும் போடாத சட்டைய எதுக்குத் துவைக்கிறன்னு கேக்க எனக்கு வாய் வரலை.

உங்க வருசத் திதிக்கு இன்னும் பத்து நாளுதான் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணச் சொல்லியாகணும். உங்களுக்கு நான் ஒரு துரோகம் பண்ணியிருக்கேன். தெரிஞ்சு பண்ணலை. போன வாரந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. நேரா விசயத்துக்கு வர எனக்கு வராதுன்னு உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

இதைப் படிக்கிற மத்தவுகளுக்கு உங்களைத் தெரியாதுல்ல? அவுகளுக்கும் சொல்லிடுறேன். எங்கப்பா தேனி - கம்பம் ரூட்டுல பிரைவேட் பஸ் கண்டக்டர். முப்பது வருசம். “சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்”னு அவுக குரல் கொடுத்தா, டீக்கடையில பாதி டீயோட நிக்கிறவன் கிளாஸ வச்சிட்டு ஓடி வருவான். வீட்டுலயும் அதே சத்தந்தான். என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு, “காப்பி கொண்டாத்தா”ன்னு அவுக போட்ட சத்தத்துல மாப்பிள்ளையோட அத்தை நெஞ்சப் புடிச்சிக்கிட்டாக. அந்தத் தொண்டையிலதான் கட்டி வந்துச்சு. ஆசுபத்திரியில ரேடியேசன் கரண்டு வச்சாக. கட்டி கொஞ்சம் கரைஞ்சுச்சு, குரல் மொத்தமாப் போச்சு. வெறும் காத்து மட்டும் வந்துச்சு.

இனி உங்களுக்கே சொல்றேன்ப்பா.

நான் உத்தமபாளையத்துக்கு, காலேஜ் ஆபீஸ் வேலைக்குத் தினம் போய் வரணும்னு அந்த எலக்ட்ரிக் காரை வாங்குனது உங்க குரல் நல்லா இருந்த காலத்துல. முதல் நாள் ஏறி உக்காந்துட்டு, பழனிசெட்டிபட்டி தாண்டுன பிறகு, “இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா ஆத்தா?”ன்னு கேட்டீங்க. நான் சிரிச்சுச் சிரிச்சு வண்டிய ஓரங்கட்டுனேன். “இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?”ன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டீங்க. ஆனாலும் முன் சீட்டு உங்களுக்குத்தான். கிளம்பணும்னா டேஷ்போர்டுல ரெண்டு தட்டு, நிறுத்தணும்னா ஒரு தட்டு. பஸ்ஸுலயே இருக்குறதா நெனப்பு.

அதே சீட்டுலதான் வாராவாரம் மதுரை ஆசுபத்திரிக்குப் போனீங்க. அப்பத்தான் எனக்கு அந்தக் காரு சனியனா மாறுச்சு. வீட்டுல ஃபேனை நிறுத்திட்டுப் பக்கத்துல உக்காந்தா நீங்க பேசுறது கேக்கும். கார்ல கேக்காது. அறுபதைத் தாண்டுனா கதவோரம் காத்து ‘உய்ய்’னு இழுக்கும், டயரு ‘கொர்ர்’னு அரைக்கும். “என்னப்பா?”, “என்ன சொன்னீங்க?”, “இன்னொருக்காச் சொல்லுங்க.” ஒவ்வொரு தடவை நான் கேக்கையிலயும் உங்க முகம் கொஞ்சங் கொஞ்சமாச் சுருங்கும். ஊருக்கே கேட்ட மனுசனை, பெத்த மகளே கேக்கலை கேக்கலைன்னு சொன்னா எப்படி இருக்கும்?

போன ஆனியில ஒரு நாள். மதுரையில இருந்து திரும்பி வர்றோம். எதிர்க்காத்து. ஆண்டிபட்டிக் கணவாய்ல வண்டியத் தள்ளுது. அன்னைக்குக் காலையில இருந்தே ஆறேழு தடவை “என்னப்பா?”ன்னு கேட்டுட்டேன். நீங்க என் பக்கம் சாஞ்சு என் தோளத் தொட்டீங்க. “ஆத்தா”ன்னது மட்டும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசுனீங்க. உதடு அசையுறது கண்ணோரத்துல தெரியுது. ஒரு லாரி வேற உரசிக்கிட்டுப் போகுது. பேசி முடிச்சிட்டு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

நான் “சரிப்பா”ன்னேன்.

எதுக்குச் சரின்னேன்? எனக்கே தெரியாது. மாத்திரை ஏதும் வாங்கச் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். இல்ல, அம்மாவப் பார்த்துக்கன்னு சொல்லியிருப்பீங்க. இன்னொருக்கா உங்க முகம் சுருங்குறதைப் பார்க்க முடியாமத்தான் சரின்னேன். நீங்க என் தலையத் தடவி விட்டுட்டுக் கண்ண மூடுனீங்க. தேனி வர்ற வரைக்கும் அப்படியொரு தூக்கம். ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்க நெத்தியில சுருக்கமே இல்லை. அதப் பார்த்து எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, பாவி நான்.

ராத்திரி பூரா அந்த “சரி” உறுத்துச்சு. மறுநாள் கார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர், நாம பாய்னு கூப்பிடுவோமே, அவுக கதவத் தொறந்து மூடிப் பார்த்தாக. “அக்கா, டீசல் வண்டியில இஞ்சின் சத்தத்துக்குள்ள மத்த சத்தமெல்லாம் ஒளிஞ்சிக்கிரும். இதுல இஞ்சினும் இல்ல, ஒளியுறதுக்கு எடமும் இல்ல. கம்பெனி ரப்பரோட இன்னொரு ரப்பர் ஒட்டுனா காத்துச் சத்தம் குறையும். சுத்தமா நிக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்”னாக. எனக்கு எங்கப்பா பேசுறது கேட்டாப் போதும் பாய்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

ஆத்திரத்துல இருந்ததுலயே தடிச்ச ரப்பரா வாங்கியிருந்தேன். ஒட்டிட்டு மூடுனா கதவு பூட்டே விழலை. நான் இடிச்சு இடிச்சு மூடப் பார்க்கிறேன், நீங்க வாசல்ல சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டு வயிறு குலுங்கச் சத்தமே இல்லாமச் சிரிக்கிறீங்க. பிச்சுப் போட்டுட்டு, நடுவுல ஓட்டையா மெத்து மெத்துன்னு இருக்குற சின்ன ரப்பரை மாத்தி வாங்கிட்டு வந்தேன். அப்புறம் உங்க அதிகாரம் ஆரம்பிச்சிச்சு. இழுத்து ஒட்டாத, பின்னாடி சுருங்கி மூலையில வாயப் பொளக்கும். ஜாயிண்ட்ட அடியில கொண்டு வா, மேல விட்டா மழைத்தண்ணி எறங்கும். இதெல்லாம் வீட்டு வாசல்ல, காத்து அடங்குன நேரத்துல, உங்க காத்துக் குரல்ல சொன்னீங்க. எனக்கு ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு.

அப்புறம் அலமாரியில கெடந்த பழைய டிக்கெட் கட்டை எடுத்துட்டு வந்தீங்க. ஒரு டிக்கெட்டக் கதவு இடுக்குல வச்சு மூடச் சொல்லி, வெளிய இருந்து இழுத்துப் பார்த்தீங்க. வழுக்கிக்கிட்டு வந்தா அங்கன சந்து இருக்கு. புடிச்சுக்கிட்டா ரப்பர் நல்லா உக்காந்திருக்கு. நாலு கதவையும் சுத்திச் சுத்தி டிக்கெட்டுப் போட்டீங்க. இடது முன் கதவுல, உங்க சீட்டுப் பக்கம், ஒரு டிக்கெட்டு இழுக்க இழுக்க வராமக் கிழிஞ்சே போச்சு. கிழிஞ்ச பாதியக் காட்டி ரெண்டு தட்டுத் தட்டுனீங்க. ரைட்டு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த வண்டியிலதான் மதுரைக்குப் போனோம். அம்புட்டும் கேட்டுச்சுப்பா. சின்னமனூர் ஸ்டாப்புல கல்யாணக் கூட்டமெல்லாம் எறங்கி மேளத்தோட போயிட்டு, பொண்ண மட்டும் பஸ்ஸுலயே தூங்க விட்டுட்டுப் போன கதை. சந்தைக்குப் போன கெடாக்குட்டி உங்க டிக்கெட்டுக் கட்ட மென்ன கதை. ஊருக்குள்ள வர்ற வரைக்கும் பேசித் தீர்த்தீங்க. கணவாய் வந்தப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, “அன்னைக்கு இங்கன என்னப்பா சொன்னீங்க?”ன்னு. கேட்டா, அன்னைக்குக் கேக்காமத்தான் சரின்னேன்னு தெரிஞ்சு போகும். பேச்சு வந்த சந்தோசத்துல இருக்குற மனுசன்கிட்ட அதச் சொல்ல மனசில்லை. அடுத்த வாரம் பக்குவமாக் கேட்டுக்கலாம்னு விட்டேன். உங்களுக்கும் அதத் திருப்பிச் சொல்ல அவசியமில்லை. நாந்தான் சரின்னுட்டேனே.

அடுத்த வாரம் நீங்க ஆம்புலன்ஸுல போனீங்க. திரும்பி வந்தப்ப உங்களுக்குப் பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை.

அன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல நடந்தத உங்களுக்குச் சொல்லணும். நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, எல்லாம் முடிஞ்சுச்சு. கூட்டத்துல ஒரு பெரியவர், “கொள்ளிச் சட்டிய யாருப்பா எடுக்குறது?”ன்னு கேட்டாக. அம்மா தலைய நிமுத்தி என்னைப் பார்த்துச்சு. அழுத கண்ணு, என்னையே பார்த்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியலை. தாங்காம நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பெரியப்பா மகன் அண்ணன்தான் தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு வந்து எடுத்துச்சு. நீங்க போயிட்டீங்க. தெருமுக்கு வரைக்கும் கூட வந்துட்டு, பொம்பளைகளோட நானும் திரும்பி வந்துட்டேன்.

அன்னையில இருந்து அம்மா என்கிட்ட சரியாப் பேசலை. சோத்தப் போட்டு வைக்கும், எந்திரிச்சுப் போயிரும். கார்ல ஏறுனா பின் சீட்டுலதான் உக்காரும். உங்க எடத்துல உக்கார மனசு வரலைன்னு நான் நெனச்சுக்கிட்டேன். பதினோரு மாசம்ப்பா! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் டிவிச் சத்தத்துல காலத்த ஓட்டியிருக்கோம்.

போன வாரம் உத்தமபாளையத்துல ஒரு கிரகப்பிரவேசம். பின் சீட்டு பூரா சீர்த்தட்டு. அம்மா வேற வழியில்லாம முன்னாடி ஏறுச்சு. கதவு சாத்த வரலை. ரப்பர் போட்டதுல இருந்து அப்படித்தான், உள்ள இருக்குற காத்துக்கு வழி விட்டாத்தான் கடைசிக் கதவு மூடும். நான் என் பக்கக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்குனேன். கதவு ‘தப்’புன்னு விழுந்துச்சு. கண்ணாடிய ஏத்துனதும் உள்ள ஒரே அமைதி. வீரபாண்டி தாண்டுற வரைக்கும் ரெண்டு பேரும் ரோட்டப் பார்த்துக்கிட்டே வந்தோம்.

அப்பத்தான் அம்மா கேட்டுச்சு. “ஏண்டி, அன்னைக்கு ஏன் கைய நீட்டல?”

“என்னைக்கும்மா?”

“கொள்ளிச் சட்டிக்கு. அப்பாகிட்ட சரின்னியாமே. ‘ஊரு சனத்தையெல்லாம் அவுக அவுக எடத்துல எறக்கி விட்டுட்டேன், என்னய எம்மகதான் எறக்கி விடணும், கார்ல கேட்டேன், உடனே சரின்னுட்டா’ன்னு அன்னைக்குச் சாயங்காலம் அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னாக. நீ என்னடான்னா தலையக் குனிஞ்சுக்கிட்ட. சொந்தக்காரக என்ன சொல்வாகளோன்னு பயந்துட்ட. பயந்தவளப் புடிச்சுத் தள்ளவா முடியும்?”

வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். ஸ்டியரிங்குல தலைய வச்சு அழுதேன். “எனக்குக் கேக்கலம்மா. காத்துச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. கேக்காமத்தான் சரின்னேன்”னு சொன்னேன். அம்மா என் முதுகுல கைய வச்சுச்சு. “கேக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னொருக்காச் சொல்லியிருப்பாகளேடி”ன்னுச்சு. சொல்லியிருப்பீங்கல்லப்பா? முகம் சுருங்குனாலும் சொல்லியிருப்பீங்க. அந்தச் சுருக்கத்தப் பார்க்கப் பயந்து உங்க கடைசி ஆசையத் தொலைச்சுட்டேன்.

கொஞ்ச நேரங்கழிச்சு அம்மா முந்தானையில என் மூஞ்சியத் தொடைச்சு விட்டுச்சு. “வண்டிய எடு, சீர் நேரம் ஆச்சு”ன்னுச்சு. இப்ப முன் சீட்டுலதான் உக்காருது. உங்களப் பத்தித்தான் பேச்சு. ஒண்ணு விடாமக் கேக்குது எனக்கு.

நீங்க எறங்காம நின்னுக்கிட்டே எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்களா அன்னைக்கு? எம்மக வருவான்னு பார்த்தீங்களா? கோவமா இருக்கா? தெரியலையேப்பா. நடந்தத மாத்த முடியாது. ஆனா நேத்து அண்ணன்கிட்டப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது கண் கலங்கி, “சித்தப்பா ஆசை அதுன்னா இனி நீயே செய்யி தாயி. எவன் என்ன சொல்றான்னு நான் பார்த்துக்கிறேன்”னுச்சு. குமுளியில வேலை பார்க்குற உங்க மாப்பிள்ளையும் லீவு சொல்லிட்டு வர்றாக.

திதிக்குச் சுருளி அருவிக்குப் போறோம். உங்க ரூட்டு வழியாத்தான், ஒவ்வொரு ஸ்டாப்பையும் தாண்டித்தான் கூட்டிட்டுப் போவேன். எள்ளும் தண்ணியும் என் கையால விடுறேன். பிண்டத்த நானே ஆத்துல எறங்கி விடுறேன். உங்களை உங்க எடத்துல நாந்தான் எறக்கி விடுவேன். இந்த வருசம் மட்டுமில்ல, நான் இருக்குற வரைக்கும்.

கார்ல உக்காந்துதான் இத எழுதுறேன், கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. காத்து வெளிய நிக்குது. இந்தத் தடவை நல்லாக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்:

சரிப்பா.

உங்க ஒத்த மக,
கண்டக்டர் வீட்டு ஈஸ்வரி