நம் தெருவைப் பார்த்த குழாய்

சீர்காழி வட்டம்,
தை 6, 1970, திங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

சாவித்திரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். பட்டுக்கோட்டையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே சம்பா தலைசாய்ந்து நிற்கிறது. கீழத்தெரு ஆட்கள் அறுக்கிற நெல்லில் கலத்துக்கு அரைப்படி கூலி கூடக் கேட்டு இன்னமும் அரிவாளைத் தொடவில்லை. வெளியூர் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை போலீசுக் காவலோடு லாரியில் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் இது உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

நீங்கள் போன மறுநாள் செங்கொடிச் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். மைக் செட்டுக் குழாயை நம் தெருப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். சன்னலைச் சாத்துங்கள் என்று உங்கள் தம்பி சிங்காரவேலு குதித்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேர்தலின்போது நம் கட்சிக் குழாயை நீங்கள் அவர்கள் தெருவைப் பார்த்துத்தானே கட்டினீர்கள்? அவர்கள் கேட்டார்கள், ஓட்டும் போட்டார்கள். இப்போது அவர்கள் என்னதான் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

நம் வயலில் நடவு நடுகிற ராசம்மாள்தான் பேசினாள். வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தோமே, அவளேதான். மிராசுதார் வீட்டுப் பத்தாயமெல்லாம் நெல் வழியுது, குடுக்கத்தான் மனசில்லை என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வாய்க்கால் கரையில் அவளைப் பார்த்து, நீ சொன்னது பொய் என்றேன். அத மைக்குல வந்து சொல்லுங்கம்மா, நாங்க கேக்குறோம் என்றாள்.

அவர்கள் கூட்டத்துக்கே போனேன் அத்தான். கோபப்படாதீர்கள். அரைப்படி எங்களுக்குக் கட்டுப்படியாகாது, குறுவைப் பயிர் மழையில் அழிந்துபோனதால் பத்தாயத்தில் விதைநெல்லைத் தவிர ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஊரறிய மானத்தை வாங்கிவிட்டாளே என்று நினைப்பீர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, கூச்சல் போடவில்லை. நம் பண்ணையாள் காத்தான் மட்டும் எழுந்தார். நீங்க சொல்றத நம்புறோம்மா, அப்ப வெளியூர் ஆளுக்கு எதுலேருந்து கூலி குடுப்பீங்க என்று கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன். அரைப்படி அதிகம்தான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் காத்தான் கேட்டதை நினைத்து இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

லாரி வந்தால் பாதையில் படுத்து மறிப்பார்களாம். முதல் ஆள் ராசம்மாளாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் கூட்டம். நீங்கள் வந்து பேசுவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். லாரி வேண்டாம், பஸ்ஸில் தனியாக வாருங்கள். பதில் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இல்லையென்றே சொல்லுங்கள். கேட்பார்கள்.

மாரியம்மன் துணையிருப்பாள்.

உங்கள்
சாவித்திரி